காய்ச்சலும் குருதிக் கசிவும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் நாட்டுப் பழமொழி. முதிர்ந்த பழம் விழவேண்டிய வேளையில் காக்கையும் வந்து அமர்ந்தது. பழி காக்கையின் தலையில் ஏறிற்று. இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தால் முன்னது காரணம், பின்னது காரியம் என்று முடிவு கட்டிவிடும் மனித இயல்பை இப்பழமொழி எள்ளி நகையாடுகின்றது. மருத்துவத் துறையில் இந்த எள்ளலுக்கு ஆளாகாமல் காரணம் காண்பது எளிய செயலன்று. குழந்தைகளுக்கு உண்டாகும் ஒரு வகைக் குருதிப் போக்கைச் சான்றாகக் கொண்டு, அச்செயல் எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதை இன்று ஆராய்வோம்.

பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதற்குச் சளியும் காய்ச்சலும் மூன்று நாள் கண்டன. பிறகு தாமே நீங்கின. குழந்தை முன்போல் ஓடியாடி விளையாடிற்று. இரண்டு வாரம் சென்றபின் ஒருநாள் காலையில் குளிப்பாட்டும்பொழுது, அதன் கால்களில் கடுகைத் தூவினாற்போல் சிவந்த புள்ளிகள் தோன்றியிருப்பதை அன்னை காண்கிறாள். முழங்கையிலும் தொடையிலும் கன்றிப்போன நீலத் திட்டுகள் தென்படுகின்றன. பல் துலக்கினால் ஈறில் இரத்தம் கசிகின்றது. வீட்டுப் பெரியவர்கள் உடற்சூடு என்கின்றனர். அண்டை வீட்டார் கண்ணேறு என்கின்றனர். பள்ளியில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று ஐயுறுவாரும் உண்டு. மருத்துவரோ இவை ஒன்றையும் பற்றிக் கேளாமல், "சென்ற ஒரு மாதத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் ஏதேனும் வந்ததா?" என்று வினவுகின்றார். எப்போதோ வந்துபோன காய்ச்சலுக்கும் இன்று தோன்றிய புள்ளிகளுக்கும் தொடர்பு என்ன? இதுவும் காக்கையும் பனம்பழமுமாகிய கதைதானோ?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், உடம்பில் குருதி சிந்தாமல் காக்கும் ஏற்பாட்டினை அறிதல் வேண்டும். நம் குருதி ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பது; ஆயினும் சிறு கீறல் பட்டால் சில நிமிடங்களுக்குள் உறைந்து வாயை அடைத்துக்கொள்வது. இவ்விரு தொழிலையும் முரணின்றி நடத்துவதற்கு மூன்று காவலர் உளர். முதற்காவல் இரத்தக் குழாயின் சுவர். காயம் பட்டவுடன் அது சுருங்கிக் கொடுக்கின்றது. இரண்டாங்காவல் தட்டணுக்கள். மூன்றாங்காவல் குருதிநீரில் கரைந்துள்ள உறைபொருள்கள். இவை வலைபோன்ற நாரைப் பின்னி அடைப்பை உறுதியாக்குகின்றன.

தட்டணுக்களின் தொழிலை 1882-ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி பிட்சோட்செரோ விளக்கிக் காட்டினார். இவை சிவப்பணுக்களினும் மிகச் சிறியவை. எலும்பின் உட்சோறாகிய மஜ்ஜையில் பிறப்பவை. ஏழு முதல் பத்து நாள் வரை வாழ்ந்து மடிபவை. நலமுள்ள ஒருவரின் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,50,000 முதல் 4,00,000 வரை தட்டணுக்கள் இருக்கும். குழாய்ச் சுவரில் சிறு பொத்தல் விழுமிடத்தில் இவை ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பானாகின்றன. நாம் நடக்கும்போதும் உட்காரும்போதும் நுண்ணிய குழாய்களில் நாம் அறியாமலே பல பொத்தல்கள் விழுகின்றன; அவற்றையெல்லாம் சத்தமின்றிச் செப்பனிடுபவை தட்டணுக்களே. அவற்றின் தொகை மிகவும் குறையுமாயின், செப்பனிடப்படாத பொத்தல்களின் வழியே குருதி கசிந்து தோலின் அடியில் புள்ளிபுள்ளியாகத் தேங்கும். ஒரு கண்ணாடித் தம்ளரை அப்புள்ளியின்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். வேர்க்குரு, கொசுக்கடி முதலியவற்றின் சிவப்பு, அழுத்தினால் மறையும். கசிந்த குருதியின் சிவப்பு மறையாது.

குழந்தைகளுக்கு வரும் எல்லாக் குருதிப் போக்கிற்கும் வைரஸே காரணம் என்று எவரும் கொள்ளலாகாது. ஹீமோபீலியா என்னும் நோய் பிறவியிலேயே வருவது. தாய்வழியாக வந்து பெரும்பாலும் ஆண் மக்களைப் பற்றுவது. உறைபொருள்களுள் ஒன்றன் குறையால் மூட்டுகளிலும் தசைகளிலும் குருதி கட்டிக்கொள்ளச் செய்வது. பிறந்த குழந்தைக்கு வைட்டமின் 'கே' போதாமையால் குருதி போவதுண்டு. அதனைத் தடுக்கவே பிறந்தவுடன் ஓர் ஊசி போடுகின்றனர். குருதிப் புற்றுநோய் மஜ்ஜையைக் கெடுத்துத் தட்டணுக்களைக் குறைக்கின்றது. விரியன் பாம்பின் நஞ்சு குருதியின் உறையுந்தன்மையை அழிக்கின்றது. ஆகவே மருத்துவர் இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே காய்ச்சலின் பக்கம் திரும்புகின்றார்.

நாம் கற்பனை செய்த குழந்தையின் நோய்க்கு மருத்துவர்கள் 'ஐ.டி.பி.' என்னும் சுருக்கப் பெயர் வழங்குவர். உடம்பின் காப்புப் படையே தன்னுடைய தட்டணுக்களை அழித்துவிடுவதால் உண்டாகும் தட்டணுக் குறைவு என்பது அதன் பொருள். ஜெர்மானிய மருத்துவர் வெர்ல்ஹாஃப் 1735-ஆம் ஆண்டிலேயே இந்நோயை எழுதி வைத்தார். இரண்டு முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுகின்றது. தட்டணுக்களின் தொகை 20,000-க்கும் கீழே, சிலபோது 10,000-க்கும் கீழே இறங்கிவிடும். இக்குழந்தைகளுள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களுக்கு முன் சளியோ, காய்ச்சலோ, அம்மையோ கண்டிருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்தனர்.

இங்கேதான் காக்கையும் பனம்பழமும் நினைவுக்கு வருதல் வேண்டும். சிறு குழந்தைகளுக்கு ஓராண்டில் ஆறேழு முறை சளி பிடிப்பது இயல்பு. அங்ஙனமாயின், குழந்தைக்கு எந்த நோய் வந்தாலும், எந்த விபத்து நேர்ந்தாலும், அதற்கு முந்திய மாதத்தில் ஒரு சளியைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் அன்றோ? எந்நேரமும் காக்கை அமர்ந்திருக்கும் பனைமரத்தில், பழம் எப்போது விழுந்தாலும் காக்கை இருக்கத்தான் செய்யும். ஆகவே முன்பின் வரிசை ஒன்றையே சான்றாகக் கொண்டு வைரஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் முறையன்று. வேறு சான்றுகளும் வேண்டும்.

முதற்சான்று 1950-ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்க நாட்டில் செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் பணியாற்றி வந்தார். தட்டணுக்களை அழிக்கும் பொருள் நோயாளியின் குருதியிலேயே இருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார். அக்கருத்தை மெய்ப்பிக்க, இந்நோய் கொண்ட ஒருவரின் குருதியைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்தன. உடம்பெங்கும் புள்ளிகள் தோன்றின. சில நாட்களுக்குப் பின்னரே அவர் நலம் பெற்றார். இன்றைய விதிகள் இத்தகைய துணிச்சலை ஒருபோதும் அனுமதியா. ஆயினும் அதனால் ஓர் உண்மை வெளிப்பட்டது: மஜ்ஜை தட்டணுக்களைப் படைக்கத் தவறவில்லை, படைக்கப்பட்டவை குருதியில் உள்ள ஒரு பொருளால் அழிக்கப்படுகின்றன. அப்பொருள், நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கென உடம்பு செய்துகொள்ளும் எதிர்ப்பொருளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

கிருமியை எதிர்க்க எழுந்த படை, சொந்தத் தட்டணுவை ஏன் தாக்குகின்றது? ஊருக்குள் திருடன் புகுந்தான் என்ற கூக்குரல் கேட்டு இருட்டில் தடியெடுத்து ஓடும் கூட்டம், திருடனின் நிறத்திலேயே துண்டு போர்த்த உள்ளூர்க்காரனையும் புடைத்துவிடுதல் போன்றது இது. வைரஸின் மேற்பரப்பில் உள்ள சில பகுதிகள் தட்டணுவின் மேற்பரப்பை ஒத்திருந்தால், ஒன்றுக்கென வார்க்கப்பட்ட எதிர்ப்பொருள் மற்றொன்றிலும் ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டப்பெற்ற தட்டணுக்களை மண்ணீரல் பகையெனக் கருதி விழுங்கிவிடுகின்றது. சின்னம்மை கண்டபின் தட்டணுக் குறைவுற்ற சில குழந்தைகளின் குருதியில், வைரஸையும் தட்டணுவையும் ஒருங்கே பற்றும் எதிர்ப்பொருள்கள் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். எதிர்ப்பொருள்கள் உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதை நினைவிற்கொண்டால், காய்ச்சல் தணிந்து, குழந்தை தேறிவிட்டது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் காலத்தில் புள்ளிகள் தோன்றுவதன் காரணமும் விளங்கும்.

இரண்டாவது சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் எதிராக இடப்படும் தடுப்பூசியில் வலிமை குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ்கள் உள்ளன. தடுப்பூசி இட்ட நாள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஏட்டில் பதிவாகியிருக்கும். ஆகவே இங்கே காக்கை அமர்ந்த நேரம் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். பல நாடுகளின் ஏடுகளை ஒப்பிட்டதில், ஊசி இட்ட ஆறு வாரங்களுக்குள் ஏறத்தாழ 25,000 முதல் 40,000 குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் தட்டணுக் குறைவு உண்டாவதும், ஏனைய வாரங்களைவிட இவ்வாரங்களில் அது மிகுதியாவதும் புலப்பட்டன. வைரஸுக்கும் நோய்க்கும் உள்ள உறவு வெறும் தற்செயல் அன்று என்பதை இது நிலைநாட்டிற்று.

இதனைக் கேட்டு, தடுப்பூசி தீங்கானது என்று முடிவுசெய்வோர் கணக்கின் மறுபாதியையும் பார்த்தல் வேண்டும். ரூபெல்லா நோய் இயல்பாகத் தொற்றினால் சுமார் 3,000 பேருக்கு ஒருவர் வீதம் தட்டணுக் குறைவு உண்டாகின்றது. ஊசியால் வருவது அதனினும் பன்மடங்கு அரிது. வந்தாலும் பெரும்பாலும் விரைவில் நீங்கிவிடுவது. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தமிழகப் பள்ளிகளில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசி இடப்பட்டபோது, பெற்றோர் பலர் அஞ்சித் தயங்கினர். குருதிப் போக்கை எண்ணி அஞ்சுவோர்க்கும் அவ்வூசியே காவல் என்பதை மேற்கண்ட கணக்குக் காட்டும்.

ஐ.டி.பி. என்னும் இந்நோயின் முடிவு பெரும்பாலும் நன்மையே. நான்கு குழந்தைகளுள் மூவர்க்கு ஆறு திங்களுக்குள் தட்டணுக்கள் தாமே மீள்கின்றன. எஞ்சியவர்களுள்ளும் பலர் ஓராண்டில் தேறுகின்றனர். மூளைக்குள் குருதி கசிதல் என்னும் பேராபத்து நூற்றில் ஒருவர்க்கும் குறைவாகவே நேர்கின்றது. தோலில் மட்டும் புள்ளிகள் இருப்பின் மருந்தின்றிக் கண்காணித்து வருவதும் உண்டு. மூக்கு, வாய் முதலிய இடங்களிலிருந்து குருதி போகுமானால் ஸ்டீராய்டு மருந்து தருவர். அல்லது பலருடைய குருதியிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளை நரம்பின் வழியே ஏற்றுவர். இப்பின்னைய முறையை 1981-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் பால் இம்பாக் வெளியிட்டார். மண்ணீரலைத் திசைதிருப்பித் தட்டணுக்களைத் தப்புவிக்கும் உபாயம் அது.

வைரஸ் குருதிப் போக்கை உண்டாக்கும் வழி இஃதொன்றே அன்று. மற்றொரு வழி இதனினும் விரைவானது, இதனினும் கொடியது. அதுவே டெங்கு.

டெங்குக் காய்ச்சல் மூட்டும் எலும்பும் நோகச் செய்வது; ஆயினும் உயிர்க்கு இறுதி பயவாதது என்றே மருத்துவ உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது. 1950-களின் நடுவில் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரிலும், 1958-இல் பாங்காக்கிலும் குழந்தைகள் காய்ச்சலுடன் குருதி கசிந்து, நாடி தளர்ந்து மாண்டனர். 1956-இல் மணிலா நோயாளிகளை ஆராய்ந்த ஹாமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவர் குழுவினரும், அதுவரை அறியப்படாத இரு டெங்கு வகைகளைக் கண்டனர். அத்துடன் டெங்கு வைரஸின் வகைகள் நான்காயின. 1963-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் இத்தகைய கொள்ளைநோய் பரவிற்று.

நம் தமிழ்நாட்டின் பங்கு இவ்வரலாற்றில் சிறியதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரூத் மையர்ஸ், கேரி, ரூபன் முதலிய ஆய்வாளர்கள் 1960-களில் காய்ச்சல் கண்டவரின் குருதியிலிருந்தும், பிடித்த கொசுக்களிலிருந்தும் டெங்கு வைரஸ்களைப் பிரித்தெடுத்தனர். 1964-ஆம் ஆண்டில் தென்னாட்டில் டெங்கு போன்றதொரு காய்ச்சல் பெருவாரியாகப் பரவியபோது, அதன் கருத்தா சிக்குன்குனியா வைரஸ் என்று காட்டியவர்களும் அவர்களே. ஒரே நோயாளியின் குருதியில் சிக்குன்குனியா, டெங்கு ஆகிய இரண்டும் ஒருசேர இருந்ததனையும் கண்டு 1967-இல் வெளியிட்டனர். காரணம் காணும் கலையில் இஃதொரு பெரும்பாடம். ஊரில் சிக்குன்குனியா பரவியிருக்கிறது என்பதால், ஒரு குழந்தையின் குருதிப் போக்கிற்கு அதுவே பொறுப்பு என்று சொல்லிவிட முடியாது. உடன் மறைந்திருக்கும் டெங்குவே குற்றவாளியாகவும் இருக்கலாம். பனைமரத்தில் அமர்ந்த பறவைகள் இரண்டாயின், எது அசைத்தது என்று தனித்தனியே ஆராய வேண்டும் அன்றோ?

டெங்கு குருதியைக் கசியவைக்கும் முறை பலவகைப்பட்டது. அது மஜ்ஜையின் உற்பத்தியைத் தாற்காலிகமாகத் தடுக்கின்றது. குருதியில் உலவும் தட்டணுக்களையும் அழியச் செய்கின்றது. உறைபொருள்களின் ஒழுங்கையும் குலைக்கின்றது. இவற்றினும் மேலாக, நுண்குழாய்களின் சுவரைத் தளர்த்துவிடுகின்றது. அப்பொழுது குருதியின் நீர்ப்பகுதி குழாயைவிட்டு வயிற்றறையிலும் மார்பறையிலும் தேங்க, குழாய்க்குள் எஞ்சிய குருதி குழம்புபோல் கெட்டிப்படுகின்றது; நாடி விழுகின்றது. வெளியே ஒரு துளி குருதியும் சிந்தாமலே குழந்தை மடியக்கூடும். இதனால்தான் மருத்துவர்கள் தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், குருதியின் கெட்டித்தன்மையையும் அடிக்கடி அளந்து பார்க்கின்றனர். அளவறிந்து உப்பு நீரைக் குருதியில் ஏற்றுதலே தலையாய சிகிச்சையாக உள்ளது. எண்ணிக்கை குறைந்ததென்ற ஒன்றுக்காகவே தட்டணுக்களை ஏற்றுவதால் பெரும் பயனில்லை என்பதும் அறியப்பட்டுள்ளது.

முன்னொரு முறை டெங்கு கண்டவரை வேறொரு வகை டெங்கு தாக்கினால், நோய் கடுமையாதல் கூடும். பழைய எதிர்ப்பொருள் புதிய வைரஸை அழிக்க வலிமையற்றதாய், அதனைப் பற்றிக்கொண்டு அணுக்களுக்குள் கொண்டுசேர்க்கும் துரோகியாக மாறிவிடுகின்றது என்று ஹால்ஸ்டெட் என்னும் அறிஞர் விளக்கினார். கியூபாத் தீவின் வரலாறு இதற்குச் சான்று பகர்ந்தது. அங்கு 1977-இல் முதல் வகை டெங்கு பரவிற்று. அப்பொழுது கடுநோய் தோன்றவில்லை. 1981-இல் இரண்டாம் வகை வந்தது. மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 158 பேர் மாண்டனர். அவர்களுள் 101 பேர் குழந்தைகள். முதற்பரவலுக்குப் பின் பிறந்து, முன்பு டெங்குவையே அறியாதிருந்த ஓரிரு வயதுக் குழந்தைகள் மட்டும் கடுநோயிலிருந்து பெரிதும் தப்பினர். வைரஸ் ஒன்றே; ஆனால் முன்னைய தொற்றின் அடிச்சுவடு உடம்பில் இருந்தவர்க்கே அது கூற்றாயிற்று.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2016-இல் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு புதிய டெங்குத் தடுப்பூசி இடப்பட்டது. முன்பு டெங்கு காணாத பிள்ளைகளுக்கு அவ்வூசியே முதற்தொற்றுப்போல் அமைந்து, பின்னர் வரும் மெய்த்தொற்றைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017-இல் தெரிந்ததும், திட்டம் நிறுத்தப்பட்டது. காரணத்தை முற்ற அறியாமல் விரைந்தால் நன்முயற்சியும் இடருக்குள்ளாகும் என்பதை இது காட்டுகின்றது.

இனி நம் வாழ்க்கைக்கு வருவோம். 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 12,000-க்கு மேற்பட்டோர்க்கும், 2017-இல் 23,000-க்கு மேற்பட்டோர்க்கும் டெங்கு கண்டதாகப் பதிவாயிற்று. இரு ஆண்டுகளிலும் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். முன்னாளில் ஒன்றுபட்ட திருச்சி மாவட்டத்தின் பகுதிகளாயிருந்து, இன்று தனி மாவட்டங்களாக விளங்கும் பெரம்பலூரும் அரியலூரும் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகளில் மழைநீரே வாழ்வு. குழாயில் தண்ணீர் வரும் நாளில் தொட்டி, அண்டா, பிளாஸ்டிக் பீப்பாய் யாவற்றிலும் பிடித்துச் சேமித்துக்கொள்வது இல்லத்தரசியின் முன்யோசனை. அந்த முன்யோசனையிலேதான் டெங்குக் கொசுவின் வாய்ப்பும் ஒளிந்துள்ளது.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கைவிடப்பட்ட பெரும்பள்ளங்களையும், ஊர் ஏரி குளங்களையும் கண்டு, கொசு அங்கிருந்து வருகின்றது என்று பலர் கருதுவர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய பெருநீர்நிலைகளை நாடுவதில்லை. வீட்டை ஒட்டிய தெளிந்த சிறுநீர்த் தேக்கமே அதற்கு உகந்தது: மூடியில்லாத சிமெண்டுத் தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், தேங்காய்க் கொட்டாங்கச்சி, பழைய டயர், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி. அது பகலில் கடிப்பது; ஆகவே இரவுக் கொசுவலை மட்டும் போதாது. முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரத்திற்கு ஒருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால், அந்தத் தொடர் அறுபடும். தேய்த்தல் இன்றியமையாதது. சுவரில் ஒட்டிய முட்டை பல திங்கள் காய்ந்து கிடந்தும் சாகாமல், மறுமழையில் பொரிக்க வல்லது.

நோய் வந்துவிட்டால் அறியவேண்டியவை சில. டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரமே கண்டமான நேரம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு குளிர்ந்ததும், இனி அச்சமில்லை என்று பெற்றோர் வயலுக்கோ வேலைக்கோ புறப்பட்டுவிடுவர். அந்த ஒருநாள், இரண்டுநாள் குழந்தையைக் கண்ணில் வைத்துக் காக்க வேண்டும். தீராத வயிற்று வலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ குருதி, கரிய நிறத்தில் மலம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், காரணமின்றிச் சோர்ந்து கிடத்தல் — இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அக்கணமே பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லுதல் வேண்டும். 2022-இல் அரியலூரில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றமையால், திருச்சிக்கும் தஞ்சைக்கும் நெடுந்தூரம் ஓட வேண்டிய இடர் அப்பகுதி மக்களுக்குக் குறைந்துள்ளது. வீட்டில் எந்தக் கஷாயம் கொடுத்தாலும் சரி, மருத்துவமனைக்குச் செல்வதை அதன்பொருட்டு ஒத்திப்போடலாகாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுமே தகும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவை தட்டணுக்களின் தொழிலைக் கெடுத்துக் குருதிக் கசிவை மிகுவிக்கும். "ஓர் ஊசி போட்டுவிடுங்கள், டாக்டர்" என்று வற்புறுத்தும் வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். தட்டணுக் குறைந்த குழந்தையின் தசையில் குத்திய ஊசி, அவ்விடத்திலேயே குருதியைக் கட்டவைக்கும்.

மாணவ நண்பர்களே! உங்கள் வகுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ உடலெங்கும் நீலத் திட்டுகளுடன் வரக்கூடும். ஐ.டி.பி. என்னும் தட்டணுக் குறைவு தொடுவதால் பரவுவதன்று. அருகில் அமர்ந்து பாடம் படிக்கலாம். தட்டணு மீளும்வரை கபடி, கால்பந்து முதலிய மோதல் ஆட்டங்கள் மட்டும் அக்குழந்தைக்கு ஆகா. வீட்டில் அடித்தார்கள் என்றோ, முன்வினைப் பயன் என்றோ ஊர் பேசத் தொடங்குமுன், "சென்ற மாதம் காய்ச்சல் வந்ததா? குருதியைச் சோதித்தீர்களா?" என்று கேட்கும் ஒருவர் அவ்வீட்டுக்குத் தேவை. ஒரு தாயின் மேல் விழும் வீண்பழியை நீக்கவும் அவ்வினா பயன்படும்.

காக்கையைப் பழிப்பதும் எளிது. காக்கைக்குத் தொடர்பே இல்லை என்று சிரித்துவிட்டுப் போவதும் எளிது. முன்பின் வரிசை சரிதானா, இடையில் இயங்கும் கருவி எது, அக்காரணத்தைத் தடுத்தால் காரியமும் குறைகின்றதா என்று மூன்று வினாக்களை எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் சான்று தேடுவது கடினம். அக்கடினத்தை மேற்கொண்டவர்களால்தான் ஒரு குழந்தையின் காலில் தோன்றும் சிவந்த புள்ளியை இன்று நம்மால் படித்தறிய முடிகின்றது. தொட்டியின் மூடியைச் சரிவர மூடுவதும், காய்ச்சல் விட்ட நாளில் குழந்தையின் அருகில் இருப்பதும் நாம் செய்யக்கூடியவை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அவற்றை நினைவிற்கொள்வோமாக.